ஆர்எஸ்எஸ் ரீடர் தேர்ந்தெடுப்பது எப்படி? கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் சோதித்துப் பார்த்த முழு வழிகாட்டி

தினமும் காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிப் புதுச்சேரியில் இறங்குகிற ஆள் நான். ஒரு மணி நேரப் பயணம், அரியாங்குப்பம் பக்கம் நெரிசலில் மாட்டினால் இன்னும் கொஞ்சம் கூட. உட்கார இடம் கிடைத்தால் இரண்டு கையாலும், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையாலும் போனில் படித்துக்கொண்டே போவேன். நான் படிப்பது யாரோ எனக்காகப் பொறுக்கிப் போடுகிற சரக்கு அல்ல. நானே தேடிச் சேர்த்த நூற்றுச் சொச்சம் தளங்களின் புதுப் பதிவுகள், தேதி வரிசையில், ஒரே ஆப்பில். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, “தம்பி ஆர்எஸ்எஸ்ஸா?” என்று கேட்டார். அது இல்லைங்க என்று விளக்கி முடிப்பதற்குள் கன்னியகோவில் வந்துவிட்டது.

உங்களுக்கு அவ்வளவு நேரம் எடுக்காது. ஒரு இணையதளம், தன்னிடம் புதிதாக வந்த பதிவுகளின் தலைப்பு, லிங்க், தேதி, கொஞ்சம் சுருக்கம் (சில தளங்களில் முழுக் கட்டுரையும்) இவற்றை ஒரு கோப்பில் எழுதி ஓரமாக வைத்திருக்கும். அந்தக் கோப்புதான் ஃபீட், நல்ல தமிழில் செய்தியோடை. ரீடர் என்பது அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துவந்து உங்கள் முன் வைக்கிற ஆள். அந்தக் கோப்பை எழுதும் ஒரு வடிவத்துக்குப் பெயர்தான் ஆர்எஸ்எஸ். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் அதை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா. பிறகு ‘ஆட்டம்’ என்று இன்னொரு வடிவமும் வந்தது, 2005இல் அது தரநிலையானது. இன்றைய ரீடர்கள் இரண்டையும் படிக்கும், அதனால் எது என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எந்த ரீடர் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் ஆப் பெயரைச் சொல்வதில்லை. ரீடர் வாடகை வீடு மாதிரி, நாம் சேர்த்து வைத்திருக்கும் தளங்களின் பட்டியல்தான் நம் சாமான். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்வார். 2005இல் வந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ஆம் தேதி இழுத்து மூடினார்கள். மார்ச்சில் அறிவிப்பு, ஜூலையில் பூட்டு. சாமானை அள்ளிக்கொண்டு வெளியே போக முடியுமா என்று பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள், மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

முதல் படி: ஆப்பைத் தொடாதீர்கள், ஒரு தாளை எடுங்கள்

ஒரு வாரம் நீங்கள் உண்மையிலேயே திறந்து பார்க்கிற தளங்களைக் குறித்து வையுங்கள். பார்க்க ஆசைப்படுகிற தளங்களை அல்ல. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் முதல் நாளே உற்சாகத்தில் 200 ஃபீட் சேர்த்துவிட்டு, மூன்றாம் நாள் படிக்காத பதிவு 1,400 என்று காட்டியதும் ஆப்பையே அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஃபீட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ரீடர்களில் தளத்தின் முகவரியை ஒட்டினாலே போதும், அதுவே தேடிக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் கையால் முயல வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிற தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு எஃப், இ, இ, டி என்று நான்கு ஆங்கில எழுத்தை அடியுங்கள், ஃபீட் வந்துவிடும். கணியம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மாதிரியான தளங்கள் இப்படித்தான். ஏதாவது ஒரு பிரிவு மட்டும் போதுமென்றால் அந்தப் பிரிவின் பக்கத்துக்குப் போய் அதே நான்கு எழுத்து. பழைய பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களுக்கு ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை சாய்கோடு இட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பிபிசி தமிழுக்கு ஃபீட் இருக்கிறது. தி இந்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருகிறது, அதில் புதுச்சேரிப் பக்கத்துக்கே ஒன்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஃபீட் இருக்கிறது. கடலூர் கட்டுரையில் யார் எதை மாற்றினார்கள் என்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன், வேலையற்ற வேலைதான், ஆனாலும் பிடிக்கும்.

யூடியூபுக்கும் ஃபீட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் வில்லியனூரிலிருந்து வருகிற ஒரு அக்கா, “பெல் பட்டனை அமுக்கி வெச்சிருக்கேனே தம்பி, அது போதாதா?” என்று கேட்டார். பதினோரு சமையல் சேனல்களை அவருக்கு ரீடரில் போட்டுக் கொடுத்தேன். பெல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எல்லா வீடியோவும் வரிசையாக நிற்கும், இடையில் ஆடு மேய்த்த கதையெல்லாம் வராது. சேனல் முகவரியைக் கொடுத்தால் பல ரீடர்கள் எடுத்துக்கொள்கின்றன. எடுக்காவிட்டால் சேனலின் விவரப் பகுதியில் பகிர்வதை அமுக்கி ஐடியை நகலெடுக்கலாம், யு, சி என்ற எழுத்துகளில் தொடங்குகிற நீளமான சரம் அது. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். யூடியூப் ஃபீடில் கடைசி 15 வீடியோ மட்டும்தான் இருக்கும். இதற்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் சேனல்: ஃபீட் இல்லை. அதற்காக மெனக்கெடாதீர்கள்.

இரண்டாம் படி: பட்டியல் எங்கே குடியிருக்கப் போகிறது?

இதைத் தீர்மானித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, எல்லாமே உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ மட்டும். ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்ற ஆப், ஐபோனிலும் மேக்கிலும் நெட்நியூஸ்வயர், கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட். எல்லாமே இலவசம், மூலநிரல் திறந்தவை. கணக்குத் திறக்க வேண்டாம், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எந்த நிறுவனத்துக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டாம், ஃபீட் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தென்பெண்ணையில் வெள்ளம் வந்த சமயம், உறவினர் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் நழுவி உள்ளே போனது. எடுத்துவிட்டேன், துடைத்தேன், அரிசி டப்பாவில் போட்டு இரண்டு நாள் வைத்தேன், மூன்றாம் நாளும் அது அசையவில்லை. போட்டோக்கள் எல்லாம் கூகுளில் பத்திரமாக இருந்தன. 87 ஃபீட்கள் இருந்த பட்டியல் அந்தப் போனோடு போனது. பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட் பட்டன் அந்த ஆப்பில் இருந்தது, இரண்டு வருடமாக அதை நான் ஒருமுறைகூட அமுக்கவில்லை. ஆப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது போனில் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் ஐம்பது தேறியது. மிச்சம் முப்பத்தேழில் என்னென்ன இருந்தன என்பதே மறந்துவிட்டது, அதுதான் கடுப்பு.

இரண்டாம் வகை, ஒரு நிறுவனத்தின் சர்வரில் கணக்கு. ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்ட் ரீடர், ஃபீட்பின் எல்லாம் இந்த வகை. இலவசக் கணக்கில் ஃபீட்லி 100 ஃபீட் வரையும், இனோரீடர் 150 வரையும், நியூஸ்பிளர் 64 வரையும் அனுமதிக்கின்றன. ஃபீட்பின் காசு கட்டினால்தான். முதல் படியில் தாளில் குறித்தீர்களே, அந்த எண்ணிக்கை இங்கேதான் உதவும். போனில் படித்தது கம்ப்யூட்டரிலும் படித்ததாகக் காட்டும் என்பது இதன் வசதி. அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. உங்கள் போன் தூங்கினாலும் சர்வர் தூங்காது. யூடியூப் ஃபீடில் கடைசி 15தான் என்றேன் அல்லவா? ஒரு செய்திச் சேனல் ஒரு நாளைக்கு 40 வீடியோ போடுகிறது, உங்கள் ரீடர் போனில் மட்டும் இருக்கிறது, போனோ பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஆப்பை ஓடவிடாமல் அடக்கி வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒருமுறை திறந்தால் 15 மட்டும் வரும், மீதி 25 உங்கள் கண்ணிலேயே படாது. வேர்ட்பிரஸ்ஸும் வழக்கமாகக் கடைசி 10 பதிவைத்தான் ஃபீடில் வைக்கும். சர்வர் ரீடர் இடைவிடாமல் போய் எடுத்து அடுக்கி வைத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. ஆகவே வாரம் நாலு பதிவு வருகிற தளங்கள் என்றால் போன் ஆப்பே போதும், நாளுக்கு நாற்பது வருகிற செய்தித் தளங்கள் என்றால் சர்வர்.

மூன்றாம் வகை, சொந்த சர்வர். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ் இரண்டும் நல்லவை. முன்னது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது, எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளம் இருந்தாலே ஓடும், சாதாரண வெப் ஹோஸ்டிங்கிலும் ஏற்றிவிடலாம். பின்னதுக்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வேண்டும். பழைய லேப்டாப்பிலோ ராஸ்ப்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரிலோ வீட்டிலேயே ஓட்டலாம், ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் போகிற அழகுக்கு நான் அதைச் செய்யவில்லை, சின்னதாக ஒரு வாடகை சர்வரில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் வைத்திருக்கிறேன். போனில் ரீட் யூ, கேப்பி ரீடர் மாதிரி ஏதாவது ஒரு ஆப்பை அதோடு இணைத்துக்கொள்ளலாம், ஐபோனில் நெட்நியூஸ்வயரே இணையும். இதில் ஒரு வேடிக்கை: சர்வரும் ஆப்பும் பேசிக்கொள்ள இன்றும் பெரும்பாலும் பயன்படுவது கூகுள் ரீடரின் ஏபிஐ, அதாவது மென்பொருள்கள் பேசிக்கொள்வதற்கான அதன் மொழி. ஆள் போய் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் நிற்கவில்லை. லினக்ஸ் கட்டளைகளைக் கண்டால் உங்களுக்குத் தலைவலி வருமென்றால் இந்த வகையை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிப்போகாது.

மூன்றாம் படி: இரண்டை நிறுவி, ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்

விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பதைவிட இரண்டு ரீடர்களை நிறுவி, ஒரே பத்து ஃபீட்களை இரண்டிலும் போட்டு, ஒரு வாரம் பாருங்கள். நான் செய்கிற சோதனை இது. காலையில் வீட்டு வைஃபையில் ஒருமுறை புதுப்பித்துவிட்டு, பஸ் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுவேன். என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். சிலவற்றில் தலைப்பு மட்டும் நிற்கும், தொட்டால் வட்டம் சுற்றும். சிலவற்றில் எழுத்து வரும், படம் வராது. இரண்டும் வருகிறதென்றால் அது பஸ்ஸுக்கு ஏற்ற ரீடர்.

இன்னொரு இடைஞ்சல், ஃபீடிலேயே இரண்டு வரி மட்டும் வைத்துவிட்டு மீதிக்குத் தளத்துக்கு வா என்று கூப்பிடுகிற தளங்கள். விளம்பர வருமானம் அவர்கள் கவலை, சரி. அப்படிப்பட்ட ஃபீட்களுக்கு முழுக் கட்டுரையையும் இழுத்து வருகிற வசதி ரீடரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீடர் ஆப்பில் ஒவ்வொரு ஃபீடுக்கும் தனியாக இதைப் போட்டுவைக்கலாம். தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது என்பதையும் இதே வாரத்தில் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டிக்கொள்ளும், எழுத்தளவையும் இடைவெளியையும் மாற்ற முடியாத ரீடரில் அரை மணி நேரம் தமிழ் படிப்பது கண்ணுக்கு வதை. மிகப் பழைய தளங்களில் டிஸ்கி என்ற அந்தக் கால எழுத்துக் குறியீட்டில் எழுதியவை ரீடரில் பெரும்பாலும் புரியாத குறிகளாகத்தான் தெரியும், அது ரீடரின் குற்றமல்ல.

நான்காம் படி: வடிகட்டி, அதுவும் தமிழில்

பொதுச் செய்தி ஃபீட் சேர்த்தால் வடிகட்டி இல்லாமல் தாங்காது. ஒரு சொல் வந்தால் மறை, அல்லது ஒரு சொல் வந்தால் மட்டும் காட்டு என்று விதி எழுதுகிற வசதி. இனோரீடரில் பணம் கட்டினால் கிடைக்கும், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் அப்படியே இருக்கிறது, ஃபீடரில் மறைப்பதற்கு மட்டும் ஒரு பட்டியல் உண்டு.

தமிழுக்கு இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நான் இரண்டு மாதம் தவறவிட்டுக் கண்டுபிடித்தது. புயல் என்ற சொல் வந்தால் தனி ஃபோல்டரில் போடு என்று விதி எழுதியிருந்தேன். ‘புயல் எச்சரிக்கை’ வந்தது, ‘புயலால் சேதமான படகுகள்’ வரவில்லை. ஏனென்றால் நம் கண்ணுக்குத்தான் ‘ல்’ ஒரே எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் அது ல, பிறகு ஒரு புள்ளி என்று இரண்டு குறியீடு. புயலால் என்னும்போது அந்தப் புள்ளி போய் அந்த இடத்தில் கால் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு என்று தள்ளிவிடுகிறது. வழி எளிது, கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘புயல’ என்று மட்டும் எழுதுங்கள். புயல், புயலில், புயலுக்கு எல்லாம் மாட்டும். கடலூர் வேண்டுமென்றால் ‘கடலூர’. சொல்லின் நடுவிலும் தேடுகிற ரீடரில் மட்டும்தான் இது பலிக்கும், முழுச் சொல்லாக மட்டும் பார்க்கிற ரீடரில் பலிக்காது, அதனால் தேர்ந்தெடுக்கும் வாரத்திலேயே இதைச் சோதித்துவிடுங்கள்.

அதே ஜோரில் மீனவர் செய்திகளுக்காக ‘கடல’ என்று ஒரு விதி எழுதினேன். தேவனாம்பட்டினம் செய்தி வந்தது, கூடவே கடலை மிட்டாய், கடலைக் குழம்பு, வேர்க்கடலை விலை நிலவரம் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தன. கடலூரும் முழுசாக வந்து விழுந்தது. இப்போது ‘மீனவ’ என்று மாற்றிவிட்டேன்.

புயல் என்றதும் இன்னொன்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் எச்சரிக்கைகளை ஆர்எஸ்எஸ்ஸாகவும் தருகிறது, சேர்த்து வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ரீடர் நேரம் வைத்துப் போய்ப் பார்க்கிற ஆள், நடுவில் ஒரு மணி நேரம் கழிந்துவிடலாம். ஆற்றில் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு ரேடியோ, தண்டோரா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ரீடரைவிட முந்திக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: எதை வெட்டுவது, எதை விடுவது

நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் ஃபோல்டர் வேண்டாம்: தினமும் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது, கண்ட மாதிரி ஓடுகிற செய்தி. மூன்றாவதில் படிக்காதவை எத்தனை சேர்ந்தாலும் கவலைப்படாமல் எல்லாம் படித்ததாகக் குறி என்பதை அமுக்குங்கள்.

மாதம் ஒருமுறை களையெடுக்கும்போது பலரும் செய்கிற தப்பு, ரொம்ப நாளாகப் பதிவு வராத ஃபீட்களை நீக்குவது. அவை உங்களிடம் எதையும் கேட்பதில்லை, சும்மா இருக்கின்றன. தொந்தரவு தருவது தினமும் முப்பது பதிவு போட்டு அதில் ஒன்றைக்கூட நீங்கள் திறக்காத தளம்தான், அதைத் தூக்குங்கள். போன் போன பிறகு என் பழைய மெயிலில் தேடியபோது, 2013இல் கூகுள் ரீடர் மூடுவதற்கு முன் இறக்கி வைத்த கோப்பு கிடைத்தது. பாதிக்கு மேல் செத்த லிங்க். இருந்தாலும் அப்படியே உள்ளே போட்டேன். அதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற ஒருவரின் பிளாக்ஸ்பாட் இருந்தது, 2011 டிசம்பர் கடைசியில் வந்த ‘தானே’ புயலில் விழுந்த மரங்களைப் பற்றி 2012இல் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார். போன ஆவணியில் ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பெயருக்கு நேரே 1 என்று காட்டியது. புதிதாக வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டனவாம், நாலு வரியும் ஒரு படமும். ஃபேஸ்புக்கில் இருந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

கடைசிப் படி: சாமானைக் கட்டி வையுங்கள்

எந்த ரீடரைப் பிடித்தாலும் முதல் நாளே அமைப்புகளுக்குள் போய் ஓபிஎம்எல் எக்ஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ரீடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஓபிஎம்எல் என்பது உங்கள் ஃபீட் முகவரிகளையும் ஃபோல்டர்களையும் எழுதி வைக்கிற சின்னக் கோப்பு, நூறு ஃபீட் இருந்தாலும் ஒரு போட்டோ அளவுகூட வராது. கிட்டத்தட்ட எல்லா ரீடரும் அதை இம்போர்ட் செய்யும். ஆனால் பொதுவாகப் பட்டியல் மட்டும்தான் அதில் போகும். நட்சத்திரம் போட்டுச் சேமித்த கட்டுரைகளும், எழுதிய வடிகட்டி விதிகளும் பெரும்பாலும் அதில் வராது, அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். என் விதிகளை நான் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன், மொத்தமே ஒன்பதுதான்.

எக்ஸ்போர்ட் செய்ததும் சும்மா விடாதீர்கள். இரண்டாவதாக நிறுவிப் பார்த்தீர்களே, வேண்டாமென்று விட்ட ரீடர், அதில் இந்தக் கோப்பை இம்போர்ட் செய்து எண்ணிக்கை சரியாக வருகிறதா, தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்கள் பெயர் கெடாமல் வந்தனவா என்று ஒருமுறை பாருங்கள். வந்துவிட்டால் கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். நான் மாதம் முதல் தேதி, பஸ் பாஸ் வாங்குகிற அன்றைக்கு இதைச் செய்கிறேன், பஸ் கிளம்புவதற்குள் முடிந்துவிடும்.